மட்டாஞ்சேரி யூதர் தெரு

கணியூரிலிருந்து மேற்கே சென்று பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் பழைய சேரநாடு. அவ்வழியே கொச்சி சென்றிருந்த நாம், மட்டாஞ்சேரியில் யூதர் தெரு என வழங்கும் சிறு வீதியைக் கண்டு வந்தோம். அத்தெருவின் கதை யூதர்களுடையது மட்டுமன்று. நம்மவர் மிகுதியாகப் பேசாத ஓர் ஏடும் அதனுள் அடங்கியிருக்கின்றது.

கொச்சிக்கு வருமுன் யூதர்கள் கொடுங்கல்லூரில் வாழ்ந்தனர். ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனுக்கு வட்டெழுத்துச் செப்பேடு ஒன்று வழங்கினான். பகல்விளக்கு, குடை முதலிய சிறப்புரிமைகளோடு 'அஞ்சுவண்ணம்' என்னும் வணிகக் குழு உரிமையையும் அது அளித்தது. இச்சொல் நமக்குப் புதிதன்று. தக்கலைப் பகுதி முஸ்லிம்களிடையேயும் வழங்கிய பெயரே அது. கடல் கடந்து வந்த இரு சாராரையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே நிழலில் வாழவைத்தது அம்மண்.

அந்நிழல் ஒருநாள் கலைந்தது. பொன்னானி மேதை ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) தாம் அரபியில் இயற்றிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' என்னும் வரலாற்று நூலில் அதனைப் பதிவு செய்துள்ளார். ஹிஜ்ரி 931-இல், அதாவது கி.பி. 1524–25-இல், முஸ்லிம் ஒருவர் யூதர்களால் கொல்லப்பட்டதிலிருந்து பகை மூண்டது. முஸ்லிம்கள் திரண்டு கொடுங்கல்லூர் யூதர்கள் பலரைக் கொன்றனர். அவர்தம் இல்லங்களையும் வணக்கத்தலங்களையும் எரித்தனர். ஒருவர் செய்த கொலைக்கு ஊரே பலியாயிற்று. போர்த்துக்கீசியரின் கொடுமைகளைப் பக்கம் பக்கமாக எழுதிய அதே பேனா, தம்மவர் செயலையும் மறைக்கவில்லை. நமக்கே பாதகமாயினும் நீதிக்குச் சாட்சி பகர வேண்டும் என்பதன்றோ திருமறையின் கட்டளை!

புகலிடம் தேடிய யூதர்களைக் கொச்சி மன்னர் ஏற்றார். தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் தந்தார். அங்கே 1568-இல் எழுந்ததுதான் பரதேசிப் பள்ளி. ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து துரத்தப்பட்டு வந்தோர் அதனைக் கட்டியமையால் அப்பெயர். அந்தலூஸை இழந்த நம் முன்னோரின் துயரை அறிந்தவர்க்கு அவர்கள் துயரும் விளங்கும். மலையாளத்தில் மசூதியும் பள்ளி, தேவாலயமும் பள்ளி, யூதர் ஆலயமும் பள்ளியே என்பதும் எண்ணத்தக்கது.

1662-இல் போர்த்துக்கீசியர் இப்பள்ளிக்குத் தீயிட்டனர். மறு ஆண்டே டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்ற, 1664-இல் பள்ளி மீண்டும் எழுந்தது. டச்சு வணிகத்தில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்த எசெக்கியேல் ரஹபி 1760-இல் மணிக்கூண்டு அமைத்தார்; தொடர்ந்து சீனத்துக் காண்டனிலிருந்து கைவண்ணம் தீட்டிய நீலவெண் ஓடுகளைத் தருவித்துத் தரையில் பதித்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். பேழையினுள்ளே தௌராத் சுருள்கள். 1968-இல் நடந்த நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார்.

எனினும் அதற்கு முன்பே தெரு வெறுமையாகத் தொடங்கிவிட்டது. 1948-இல் இஸ்ரேல் அமைந்தபின் பெரும்பாலோர் விரும்பியே அங்குப் பெயர்ந்தனர். இன்று வீடுகள் பலவும் கலைப்பொருட் கடைகளாயின. பூத்தையல் கடை நடத்தி வந்த சாரா கோஹன் என்னும் முதிய யூத அம்மையார் 2019-இல் காலமானார். பிள்ளைகளற்ற அவரை இறுதிவரை பேணியவர் ஒரு முஸ்லிம் சகோதரரும் அவர் குடும்பத்தாருமே. அவரது இல்லத்தையும் நினைவுப் பொருட்களையும் இன்று காத்து வருபவர்களும் அவர்களே.

கொடுங்கல்லூரில் தீ வைத்த கைகளும் நம்மவர் கைகளே. மட்டாஞ்சேரியில் மூதாட்டிக்குத் துணைநின்ற கைகளும் நம்மவர் கைகளே. நம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லுங்கால் இவ்விரண்டையும் சொல்வோமாக. எதனைப் பின்பற்றுவது என்பதை அவர்களே அறிந்துகொள்வர்.