மிம்பரில் நின்று சொன்ன கணக்கு

நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லப்பெறும் கணக்குக் கதைகளுள் பதினேழு ஒட்டகக் கதையை அறியாதார் அரியர். ஒருவர் 17 ஒட்டகங்களை விட்டு இறந்தார். மூத்த மகனுக்குப் பாதி, நடு மகனுக்கு மூன்றில் ஒன்று, இளைய மகனுக்கு ஒன்பதில் ஒன்று என்பது அவர் செய்த வஸிய்யத். பதினேழைப் பாதியாக்க வேண்டுமானால் ஓர் ஒட்டகத்தை அறுக்க வேண்டும். வழக்கு ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்களிடம் வருகிறது. அவர்கள் தம் ஒட்டகம் ஒன்றைச் சேர்த்துப் பதினெட்டாக்கி, 9, 6, 2 எனப் பங்கிட்டுக் கொடுத்து, எஞ்சிய தம் ஒட்டகத்தில் ஏறிப் போய்விட்டார்கள். கேட்ட பிள்ளை வாயடைத்து நிற்கும்.

வியப்பு இருக்கட்டும். ஃபராயிழ் என்னும் பாகப்பிரிவினைக் கலையைச் சிறிதேனும் ஓதியவர்க்கு இக்கதையில் தடை தோன்றாமல் இராது. திருக்குர்ஆனின் அன்னிஸா அத்தியாயம் வரையறுத்த பங்குகள் ஆறே: பாதி, கால், அரைக்கால், மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று. ஒன்பதில் ஒன்று அவற்றில் இல்லை. மேலும், மகன்களுக்கு வரையறுத்த பங்கே கிடையாது. பிறர் பங்கு போக எஞ்சியதைத் தமக்குள் சமமாகப் பெறுவர். மூத்தவன் பாதி கொள்ள இளையவன் ஒன்பதில் ஒன்று கொள்வது எந்த நியாயம்? வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பது நபிமொழி. ஏனைய வாரிசுகள் மனமொப்பினாலன்றி அது செல்லாது என்பதே நம் இமாம்களின் தீர்ப்பு. நம் சட்டப்படி அம்மூவரும் ஆளுக்கு 5 ஒட்டகம் பெற்று, மீதி இரண்டின் விலையை மூவராய்ப் பகிர்ந்திருப்பர். கதையே எழுந்திராது!

இக்கதையின் தடத்தைத் தேடியவர்கள் 18ஆம் நூற்றாண்டில் ஈரானில் வாழ்ந்த முல்லா முஹம்மது மஹ்தீ நராகீயின் நூல்வரை சென்றுள்ளனர். அலீ (ரலி) அவர்களுக்கும் அவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தூரம். 1938இல் மல்பா தஹான் என்ற புனைபெயரில் எழுதிய பிரேசில் நாட்டுக் கணித ஆசிரியர் ஒருவர் 17ஐ 35 ஆக்கினார். அவர் கதையில் இரண்டு ஒட்டகம் எஞ்சும். இரவல் தந்தவருக்கு ஒன்று, கணக்குச் சொன்னவருக்கு ஒன்று. சாமர்த்தியம்தான்! ஆனால் நீதிபதிக்கு அழகாகுமா?

அலீ (ரலி) அவர்களின் கணக்குத் திறனுக்கு இரவல் ஒட்டகம் வேண்டியதில்லை. ஃபராயிழ் நூல்களில் ‘மிம்பரிய்யா’ என்றே பெயர் பெற்ற ஒரு வழக்கு உண்டு. அவர்கள் மிம்பரில் நின்று உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஒருவர் வினவினார்: இறந்தவருக்கு மனைவி, இரண்டு பெண்மக்கள், தாய், தந்தை, மனைவியின் பங்கு யாது? உரையின் ஓட்டம் கெடாமல் அவர்கள் உரைத்த விடை, அவளுடைய எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாயிற்று என்பதே.

இந்த ஒரு வாக்கியத்துக்குள் எவ்வளவு கணக்கு அடங்கியிருக்கிறது என்று பார்ப்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்களுக்கு மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனியே ஆறில் ஒன்று. எட்டும் மூன்றும் ஆறும் மீதியின்றி வகுக்கும் சிற்றெண் 24. அதில் மனைவிக்கு 3, பெண்மக்களுக்கு 16, பெற்றோர்க்கு 4, 4. கூட்டினால் 27! இருப்பதோ 24 பங்கு, கேட்பதோ 27. யாரையும் வெளியே தள்ளாமல் சொத்தையே 27 கூறாக்கி அவரவர் எண்ணைக் கொடுத்துவிடுவது ‘அவ்ல்’ எனப்படும். மனைவிக்கு 27இல் 3, அதாவது ஒன்பதில் ஒன்று. குறைவு அனைவர்மீதும் ஒரே விகிதத்தில் விழுகிறது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அவ்லை ஏற்கவில்லை. ஷீஆ சட்ட அறிஞரும் ஏற்பதில்லை. நான்கு மத்ஹபுகளும் ஏற்கின்றன.

இப்போது ஒட்டகக் கதைக்குத் திரும்பினால் அதன் மர்மம் அவிழ்ந்துவிடும். பாதியும் மூன்றில் ஒன்றும் ஒன்பதில் ஒன்றும் சேர்ந்தால் பதினெட்டில் பதினேழுதான்; முழுமை ஆகாது. மிம்பரிய்யாவில் பங்கு மிகுந்தது, இங்கே குறைந்தது. அங்கே 24ஐ 27 ஆக்கியதுபோல இங்கே 18ஐ 17 ஆக்கினால் 9, 6, 2 தானே வரும். இரவல் ஒட்டகம் வெறும் அலங்காரமே.

அப்பெருமகனார் பெயரால் வழங்கும் இன்னொரு தீர்ப்பை இமாம் ஸுயூத்தீ (மறைவு 1505) தம் கலீஃபாக்கள் வரலாற்றில் எடுத்தெழுதியுள்ளார். ஒருவரிடம் 5 ரொட்டி, மற்றவரிடம் 3. வழிப்போக்கர் ஒருவரும் சேர்ந்து மூவரும் சமமாக உண்டனர். அவர் 8 திர்ஹம் கொடுத்துச் சென்றார். ஐந்து ரொட்டிக்காரர் தமக்கு 5, தோழருக்கு 3 என்றார். தோழரோ பாதி கேட்டார். தருகிற மூன்றை வாங்கிக்கொள் என்று அலீ (ரலி) அவர்கள் சொல்லியும் அவர் கேளாமல், உரிமைப்படி தீர்ப்பு வேண்டும் என்றார். உரிமைப்படி உனக்கு ஒன்றே என்பது தீர்ப்பு! எட்டு ரொட்டியையும் மும்மூன்று துண்டாக்கினால் 24. ஆளுக்கு 8 துண்டு. மூன்று ரொட்டிக்காரரின் 9 துண்டில் 8ஐ அவரே உண்டார். விருந்தினருக்குப் போனது ஒன்று. மற்றவரின் 15 துண்டில் 7 போயிற்று. பிள்ளைகளுக்கு ஒட்டகத்தைவிட இந்த ரொட்டியையே நாம் பரிந்துரைப்போம்.

ஃபராயிழ் அறிஞர்கள் மனக்கணக்கைத் தனிக்கலையாகவே வளர்த்தனர். எழுதுகோலின்றிச் செய்வதால் அதற்கு ‘ஹிஸாபுல் ஹவாயீ’, காற்றுக் கணக்கு, என்று பெயர். அதைப் பற்றித் தனிநூல் இயற்றிய இப்னுல் ஹாயிம் (மறைவு 1412) கெய்ரோவில் பிறந்து பைத்துல் முகத்தஸில் ஆசிரியராய் இருந்தவர். ஃபராயிழிலும் பல நூல்கள் தந்தவர். 1547இல் பஅல்பக்கில் பிறந்த பஹாவுத்தீன் ஆமிலீயின் ‘குலாஸத்துல் ஹிஸாப்’ இந்திய மதரஸாக்களிலும் பாடமாயிற்று. அதில் உள்ள குறுக்குவழிகள் இன்றும் சுவையானவை. ஓர் எண்ணை 15ஆல் பெருக்க அதன் பாதியை அதனுடன் கூட்டிப் பத்தால் பெருக்குக: 24உடன் 12 சேர்ந்து 36, விடை 360. பதின்மூன்றையும் பதினான்கையும் பெருக்க, 13உடன் நாலைக் கூட்டி 17. பத்தால் பெருக்க 170. மூன்று நாலு பன்னிரண்டைச் சேர்க்க 182. ஒன்று முதல் பத்து வரை எல்லா எண்ணாலும் வகுபடும் சிற்றெண் எது? மாதத்தின் நாள் 30, ஆண்டின் மாதம் 12, வாரத்தின் நாள் 7. மூன்றையும் பெருக்கினால் 2,520. எந்த மாதமும் தவறாமல் முப்பது நாள் வருவதில்லையே என்று கெட்டிக்காரப் பிள்ளை மறிக்கும், மறிக்கட்டும்.

இவை வெறும் விளையாட்டல்ல. தந்தை மறைந்த வீட்டில் பெண்மக்களிடம் விடுதலைப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும் நாளில், தம் பங்கு இன்னதென்று தாமே கணக்கிட்டறிந்து கையொப்பமிடுவோர் எத்தனை பேர்? தாயின் அரைக்கால் பங்கு எத்தனை வீடுகளில் பேச்சோடு போய்விடுகிறது! எட்டில் ஒன்றை ஐந்தாம் வகுப்பிலேயே நம் பெண்பிள்ளைகள் படிக்கின்றனர். அது தம் அன்னைக்குரிய பங்கின் பெயர் என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அவ்ல் முதன்முதலாக எழுந்தது என்று பலர் குறிக்கும் வழக்கு ஒன்று உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தது (634–644). இறந்த பெண்ணுக்குக் கணவரும், உடன்பிறந்த சகோதரியர் இருவரும் உளர். கணவருக்குப் பாதி, சகோதரியர் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. இவற்றுக்கு அடி எண் 6. சொத்து 84,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, ஆளுக்கு எவ்வளவு என்பதைப் பிள்ளைகள் தாளெடுக்காமல் காற்றிலேயே போட்டுச் சொல்லட்டும்.