ஜிலேபிக்கு முந்தைய மீன்கள்



கம்பம் பள்ளத்தாக்கில் இன்று அதிகம் பொரிபடும் மீன் ஜிலேபி. "நம்ம ஊரு மீன்" என்றே அதைச் சொல்கிறோம். உண்மையில் அது ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் பக்கத்து மீன். 1952-ல்தான் மண்டபத்துக்குக் கொண்டுவந்தார்கள். அரிசிக்கே தட்டுப்பாடான காலம். பாசியைத் தின்று மளமளவென்று பெருகும் மீன் ஏழைகளுக்கு உதவும் என்று கணக்குப் போட்டார்கள்.

பெருகியது, கணக்குக்கு மேலேயே. தாய்மீன் முட்டைகளை வாய்க்குள் வைத்துப் பொரிக்கிறது, குஞ்சுகளையும் வாயிலேயே காக்கிறது. பிறகு குளத்தில் கூட்டம் தாங்காமல் கையகலத்துக்குக்கூட வளராது. 1959-லேயே இந்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு இதை வளர்க்கக் கூடாது என்று தடை சொன்னது. அதே ஆண்டு ஜனவரியில்தான் காமராஜர் வைகை அணையைத் திறந்துவைத்தார். தடை உத்தரவு ஜிலேபிக்குத் தெரியாதே! அணையில் ஜம்மென்று குடியேறிவிட்டது.

அதற்கு முன்னால் நம் முன்னோர் என்ன மீன் சாப்பிட்டார்கள்? 1895-ல் பென்னிகுவிக் கட்டிய அணையிலிருந்து பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கும் நம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. வயல், வாய்க்கால், கண்மாய் எங்கும் அயிரை, கெண்டை, கெளுத்தி, குறவை, ஆரல், விரால்.

என் ஓட்டு அயிரைக்கே. விரல் நீளம்கூட இருக்காது, மணலில் புதைந்து கிடக்கும். புதுத்தண்ணீர் வந்ததும் எதிரேறும். அப்போது மடைவாயில் பறியை வைத்தால் போதும், தூண்டில் வேண்டாம். உயிரோடு கொண்டுவந்து தேங்காய்ப்பாலில் விட்டால் வயிற்று மணலைக் கக்கிவிடும். பிறகு தலையோடு முழுசாகப் புளிக்குழம்பில் போட வேண்டியதுதான். குறுந்தொகையில் பரணர், கீழைக் கடற்கரையில் இருக்கும் கிழநாரை ஒன்று மேற்கே சேரனின் தொண்டியில் கிடைக்கும் அயிரைக்கு ஏங்குவதாகப் பாடியிருக்கிறார். நாரைக்கே அந்த ஏக்கம் என்றால் நமக்கு?

கெண்டைக்குச் சுவை உண்டு, ஆனால் முள்ளோடு போராட வேண்டும். கெளுத்தியில் கொழுப்பு அதிகம், மறுநாள் குழம்புக்கு அதை மிஞ்ச ஆளில்லை. பிடிக்கும்போது கைமுள் குத்தினால் கடுக்கும், கவனம். விராலுக்கு உயிருள்ள சிறு தவளையைத் தூண்டிலில் கோர்ப்பார்கள். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தோடு சுற்றும் விராலை மட்டும் பிடிக்காதீர்கள். பெற்றதைப் பிடித்தால் குஞ்சுகளைக் கெண்டையும் கொக்கும் முடித்துவிடும்.

ஜிலேபி? சிறு முள், தக்கை, மண்புழு இருந்தால் பள்ளிப் பிள்ளையும் பிடிக்கலாம். முள் குறைவு, வெள்ளைச் சதை, பொரிக்க ஏற்றது. "சேத்து வாடை" என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தேங்கிய நீரில் சில பாசிகளும் நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. அது மீனின் சதையில் ஏறிவிடுகிறது. முதல் மழையில் மண் மணப்பதும் அதே பொருளால்தான். நல்ல தண்ணீரில் சில நாள் உயிரோடு விட்டுவைத்தால் வாடை குறைந்துவிடும். ஆக, குற்றம் மீனிடம் இல்லை, தண்ணீரிடம். குமுளி தாண்டிப் போய்க் காசு கொடுத்துச் சாப்பிடும் கரிமீனும் இதே குடும்பம்தான்!

அயிரைக்கு அப்படிப் பிழைக்கத் தெரியவில்லை. அதற்கு மணல் வேண்டும், மருந்து கலக்காத வயல்நீர் வேண்டும். இரண்டும் குறைந்தபின் அதுவும் குறைந்தது. இன்றைக்கு ஆட்டுக்கறியை மிஞ்சிய விலை.

மாணவர்களே, சின்னமனூர், உத்தமபாளையம், போடி, பெரியகுளம் என்று எங்கெங்கோ இருக்கிறீர்கள். உங்கள் கண்மாயில் தாத்தா காலத்தில் என்னென்ன மீன் இருந்தது, என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். ஒரே மீனுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கும், எல்லாவற்றையும் எழுதுங்கள். நான் நோட்டில் குறித்து வைக்கிறேன்.