வராத கப்பலுக்குக் கூலி

பெட்ரோல் விலை ஏறும் ஒவ்வொரு முறையும் ஆளுங்கட்சி கூறும் காரணம் உலகச் சந்தை. எதிர்க்கட்சி கூறும் காரணம் வரி. ஆட்சி மாறினால் காரணங்களும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில், மேடைகளில் பேசப்படாத மூன்றாவது ஒன்று இருக்கிறது. அது விலையைக் கணக்கிடும் சூத்திரம். இந்திய ஆலையில் சுத்திகரிக்கப்பட்ட பெட்ரோலை, அந்நியத் துறைமுகம் ஒன்றில் கப்பலேறி வந்ததாகப் பாவித்து, வராத அந்தக் கப்பலுக்குக் கூலியும் காப்பீடும் சுங்கமும் சேர்த்து விலை காணும் சூத்திரம். ஏறத்தாழ நூறாண்டு வயதுடைய இந்த வழக்கம் பிறப்பதற்குக் காரணமாக இருந்த சண்டை, இந்தியச் சந்தையில் நடந்த சண்டைதான்.

அன்றைய சண்டை பெட்ரோலுக்காக நடந்ததன்று. விளக்கெரிக்கும் மண்ணெண்ணெய்க்காக நடந்தது. ஆமணக்கும் இலுப்பையும் புன்னையும் எரிந்த அகல்களை, 19ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் அமெரிக்க எண்ணெய் அணைத்தது. அதன் பின்னால் காக்கசஸ் மலைக்கு அப்பாலிருந்து ருஷ்ய எண்ணெய் வந்தது; பர்மாவின் எண்ணெயும் வந்தது. தமிழர் இதற்கு இட்ட பெயர் சீமெண்ணெய், அதாவது சீமையிலிருந்து வந்த எண்ணெய். அந்நியச் சார்பைப் பெயரிலேயே பதிந்து வைத்த சொல் அது. எண்ணெய் தீர்ந்த தகரடின் தண்ணீர்க் குடமாகவும் கூரைத் தகடாகவும் மறுபிறவி எடுத்ததால், டின்னுக்காகவே எண்ணெய் வாங்கியவர்களும் இருந்தார்கள். அசாமின் திக்பாயில் 1889இல் எண்ணெய் கிடைத்து, 1901இல் சுத்திகரிப்பு ஆலையும் எழுந்தது. எனினும் நாட்டின் தேவைக்கு முன் அது சிறு துளியே.

1927இல் நியூயார்க்கின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் சோவியத் அரசிடமிருந்து மண்ணெண்ணெயை மலிவாக வாங்கி இந்தியாவில் விற்கத் தொடங்கியது. புரட்சியின்போது ருஷ்யாவில் தன் எண்ணெய்க் கிணறுகளைப் பறிகொடுத்திருந்த ராயல் டச்சு ஷெல்லின் தலைவர் ஹென்றி டெட்டர்டிங் இதைத் திருட்டு எண்ணெய் என்று சாடினார். சாடியதோடு நிற்காமல் இந்தியச் சந்தையில் விலையை வெட்டினார். எதிரியும் வெட்டினார். இந்தியக் குடிசைக்கு எண்ணெய் மலிந்தது. ஆனால் விலைப்போர் இந்தியாவுக்கு வெளியேயும் பரவி, பெருநிறுவனங்கள் அனைத்துக்கும் அச்சமூட்டியது. 1928 செப்டம்பரில் ஸ்காட்லாந்தின் அக்னகேரி கோட்டையில் பறவை வேட்டை என்ற பெயரில் மூவர் கூடினர்: ஷெல்லின் டெட்டர்டிங், நியூஜெர்சி ஸ்டாண்டர்டு ஆயிலின் வால்டர் டீகிள், ஆங்கிலோ பெர்சிய நிறுவனத்தின் ஜான் காட்மன். இனி போட்டியில்லை, அவரவர் சந்தைப் பங்கு உள்ளபடியே நிலைக்கும் என்று உடன்பாடு எழுதப்பட்டது. அது வெளியுலகுக்குத் தெரிய 1952 ஆயிற்று. அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வெளியிட்ட அறிக்கை வழியாகத்தான் அதன் வாசகம் பொதுவெளிக்கு வந்தது.

அந்த ஒழுங்கின் முதுகெலும்பு விலைச் சூத்திரம்தான். எண்ணெய் எங்கே எடுக்கப்பட்டாலும், அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் அதற்கு என்ன விலையோ அதை முதலில் எழுது, அங்கிருந்து விற்குமிடம் வரை கப்பல் கூலி எவ்வளவோ அதைக் கூட்டு, அதுவே விலை. பாரசீக வளைகுடாவின் அபாதானிலிருந்து பம்பாய்க்கு எண்ணெய் வருவது சில நாள் கடற்பயணம். ஆனால் பம்பாய்க்காரன் கொடுத்ததோ டெக்சாஸிலிருந்து பாதி உலகைச் சுற்றி வரும் கப்பலுக்குரிய கூலி. பர்மா 1937 வரை பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. இரங்கூன் எண்ணெய் உள்நாட்டுச் சரக்கு. அதற்கும் இறக்குமதி எண்ணெயின் விலையே அளவுகோலானது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை அபாதானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டு இதே கற்பனைக் கூலியைச் செலுத்த நேர்ந்தபோதுதான் லண்டனில் கேள்வி எழுந்தது. அதன் பிறகே பாரசீக வளைகுடாவும் ஒரு கணக்கிடும் தலமாக ஏற்கப்பட்டது. ஆளும் நாட்டுக் கஜானாவுக்கு வலித்த பிறகே ஆளப்பட்ட நாட்டுக்கு அரைகுறை நியாயம் கிடைத்தது என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

விடுதலைக்குப் பின் இந்தியாவுக்குச் சுத்திகரிப்பு ஆலைகள் வேண்டியிருந்தன. முதலும் நுட்பமும் இல்லை. ஸ்டான்வாக், பர்மா ஷெல், கால்டெக்ஸ் என்ற மூன்று அந்நிய நிறுவனங்களோடு 1950களின் தொடக்கத்தில் ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. டிராம்பேயில் இரண்டு, விசாகப்பட்டினத்தில் ஒன்று என ஆலைகள் 1954 முதல் 1957க்குள் எழுந்தன. நிபந்தனைகள் கடுமையானவை: 25 ஆண்டுகளுக்கு நாட்டுடைமை இல்லை, கச்சா எண்ணெயை அந்நிறுவனங்கள் தத்தம் மூலங்களிலிருந்தே கொண்டுவரலாம், விற்பனை விலை இறக்குமதிச் சமவிலை. டிராம்பேயில் வடித்த எண்ணெயும் வளைகுடாவிலிருந்து வந்ததாகவே விலைபெற்றது. ஆலை இந்திய மண்ணுக்கு வந்தது, விலை வரவில்லை.

இதை உணர்ந்து எதிர்த்தவர்களில் முதன்மையானவர் கேசவ தேவ் மாளவியா. எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் 1956இல் உருப்பெற அவரே காரணர். குஜராத்தின் அங்கலேஸ்வரில் 1960இல் எண்ணெய் கிடைத்தது. அதே ஆண்டு சோவியத் நாடு மலிவு விலையில் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. மூன்று நிறுவனங்களும் அதைச் சுத்திகரிக்க மறுத்தன. ஒப்பந்தம் அவர்கள் பக்கம் இருந்தது. ஆனால் மாற்று ஒன்று உண்டு என்ற நிலை உருவானதுமே அவர்களது கச்சா எண்ணெய் விலையில் தள்ளுபடி தோன்றிற்று. முந்தைய ஆண்டில் தொடங்கப்பட்ட இந்தியன் ஆயில் நிறுவனம் சோவியத் மண்ணெண்ணெயையும் டீசலையும் நேராக இறக்குமதி செய்தது. 1961இல் அறிக்கை தந்த தாம்லே குழுவும், பின்வந்த தாலுக்தார் குழுவும், சாந்திலால் ஷா குழுவும் சூத்திரத்தின் ஓரங்களைச் செதுக்கின, அடித்தளத்தைத் தொடவில்லை.

அடித்தளத்தை அசைத்தது 1973. அக்டோபர்ப் போரின்போது பீப்பாய் ஏறத்தாழ 3 டாலராக இருந்த அரபு எண்ணெயின் அறிவிக்கப்பட்ட விலை, 1974 சனவரியில் 11.65 டாலராயிற்று. பெட்ரோல் விலையேற்றத்தைக் கண்டித்து வாஜ்பாய் நாடாளுமன்றத்துக்கு மாட்டுவண்டியில் வந்த காட்சி அந்த நவம்பர் மாதத்தியது. 1974 முதல் சில ஆண்டுகளுக்குள் மூன்று நிறுவனங்களும் அரசுடைமையாயின. இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் என்ற பெயர்கள் அப்போது பிறந்தவை. 25 ஆண்டு வாக்குறுதி முழுமை பெறவில்லை. 1970களின் பின்பாதியில் இறக்குமதிச் சமவிலையும் கைவிடப்பட்டு, ஆலையின் அடக்கச் செலவும் நியாயமான ஆதாயமும் சேர்ந்ததே விலை என்ற முறை வந்தது. கற்பனைக் கப்பல் முதன்முறையாக இந்தியக் கணக்கேட்டிலிருந்து வெளியேறியது.

1974 பிப்ரவரியில் பம்பாய் ஹையில் எண்ணெய் கிடைத்திருந்தது. 1980களின் நடுவில் நாட்டின் தேவையில் ஏறத்தாழ 70 விழுக்காடு உள்நாட்டிலேயே கிடைத்தது. எண்ணெய்ச் சார்பிலிருந்து விலக இந்தியாவுக்குக் கிடைத்த மிகச் சிறந்த கால அவகாசம் அதுதான். அது வீணாயிற்று என்று சொல்லாமலிருக்க முடியாது. பெட்ரோலில் எடுத்து மண்ணெண்ணெயிலும் சமையல் எரிவாயுவிலும் கொடுக்கும் பொதுக்கணக்கு முறை, ஏழையின் விளக்கையும் அடுப்பையும் காத்தது, அது பொய்யன்று. ஆனால் அதே மலிவு மண்ணெண்ணெய் டீசலில் கலக்கப்பட்டது. விலை உண்மையை மறைத்ததால் எவரும் சிக்கனம் பழகவில்லை. இவற்றைவிடப் பெரிய மாற்றம் தண்டவாளத்தில் நிகழ்ந்தது. 1950களின் தொடக்கத்தில் நாட்டின் சரக்கில் 80 விழுக்காட்டுக்கு மேல் இரயிலில் சென்றது. இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சியதில் பெரும்பகுதி லாரியில் செல்கிறது. தெருவில் பெட்ரோலைப் பற்றியே பேச்சு நடக்கிறது. ஆனால் இந்தியா எரிக்கும் பெட்ரோலியப் பொருட்களில் மிகப் பெரிய பங்கு டீசலுக்கே. அரிசி விலைக்குள்ளும் காய்கறி விலைக்குள்ளும் புகுந்திருப்பது அதுவே.

1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது கடன் கேட்க வந்தது இந்த அலட்சியம். அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாயிற்று. அடுத்த ஆண்டு ரிசர்வ் வங்கியின் தங்கத்தில் 47 டன் இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் ஈடு வைக்கப்பட்டது.

அதன் பின்வந்த சீர்திருத்த அலையில், 2002 ஏப்ரலில் நிர்வகிக்கப்பட்ட விலைமுறை கலைக்கப்பட்டது. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பழைய இறக்குமதிச் சமவிலை திரும்பியது. 2006இல் ரங்கராஜன் குழு அதைச் சற்றே திருத்தி வணிகச் சமவிலை என்றது: இறக்குமதிச் சமவிலைக்கு 80 விழுக்காடு எடை, ஏற்றுமதிச் சமவிலைக்கு 20. வெளியேறிய கப்பல் மீண்டும் கணக்கேட்டுக்குள் நங்கூரமிட்டது. இம்முறை அதைக் கொண்டுவந்தது அந்நிய நிறுவனமன்று. இதற்குள் இந்தியா கச்சா எண்ணெயை இறக்கி, வடித்த பெட்ரோலையும் டீசலையும் ஏற்றுமதி செய்யும் நாடாக மாறியிருந்தது என்பதுதான் விந்தை. ஆலைகளுக்கும் உலகச் சந்தைக்கும் தொடர்பறக் கூடாது, இல்லையேல் முதலீடு வராது என்பது இதற்கான வாதம், புறந்தள்ளத்தக்க வாதமன்று. ஆனால் அந்த முதலீட்டுக்கான விலையைச் செலுத்துபவர் யார் என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை.

கட்டுப்பாடு நீங்கியது என்பதும் பெயரளவில்தான். 2008 சூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது விலையை அடக்கி, இழப்பை எண்ணெய்ப் பத்திரங்களாக எழுதி வருங்காலத்தின் தலையில் வைத்தார்கள். பெட்ரோல் 2010 சூனிலும் டீசல் 2014 அக்டோபரிலும் சந்தையிடம் விடப்பட்டன. உடனே உலக விலை சரிந்தது. 2014 நவம்பரிலிருந்து 2016 சனவரிக்குள் கலால் வரி ஒன்பது முறை உயர்ந்து, பெட்ரோலுக்கு லிட்டருக்கு 9.48 ரூபாயிலிருந்து 21.48 ஆயிற்று, டீசலுக்கு 3.56இலிருந்து 17.33. கொரோனாக் காலத்தில் கச்சா எண்ணெய் கேட்பாரற்றுக் கிடந்தபோது பெட்ரோல் வரி 32.98ஐ எட்டியது. 2017 சூன் முதல் விலை நாள்தோறும் காலை 6 மணிக்கு மாறும் என்றார்கள். ஆனால் ஐந்து மாநிலத் தேர்தலையொட்டி, 2021 நவம்பர் முதல் 2022 மார்ச் வரை 137 நாள் அது மாறவே இல்லை.

1960இல் டிராம்பே ஆலைகள் ஏற்க மறுத்த ருஷ்ய எண்ணெய், உக்ரைன் போருக்குப் பின் தள்ளுபடி விலையில் இந்தியக் கரைக்கு வெள்ளமாக வந்தது. இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த அதன் பங்கு 2023-24இல் மூன்றில் ஒன்றைத் தாண்டியது. ஆலைவிலை கச்சா எண்ணெய்க்குக் கொடுத்த காசைப் பார்ப்பதில்லை; வடித்த பொருளின் உலக விலையையே பார்க்கிறது. அதனால் அந்தத் தள்ளுபடி பெட்ரோல் பங்க் வரை வந்து சேரவில்லை. 2022இல் விலையை உயர்த்தாமல் பெரும் இழப்பைத் தாங்கிய மூன்று அரசு நிறுவனங்களும், 2023-24இல் மொத்தமாகச் சுமார் 81,000 கோடி ரூபாய் ஆதாயம் ஈட்டின. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்தது.

இறக்குமதிச் சார்பை 2022க்குள் பத்து விழுக்காடு குறைப்பதாக 2015இல் பிரதமர் இலக்கு அறிவித்தபோது அது சுமார் 77 விழுக்காடு. 2023-24இல் அது 87ஐத் தாண்டியது. எத்தனால் கலப்பும் மின்வண்டியும் வருகின்றன. ஆனால் இத்தனை ஆண்டுகளில் அரசுகளும் மற்றொரு சார்பை வளர்த்துக்கொண்டுவிட்டன. 2020-21இல் மட்டும் பெட்ரோலியக் கலால் மத்திய அரசுக்குத் தந்தது சுமார் 3.7 லட்சம் கோடி ரூபாய். மாநிலங்களின் விற்பனை வரி தனி. வண்டி எரிக்காத ஒவ்வொரு லிட்டரும் கஜானாவில் குறைகிற வரியுமாகும். எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் இந்த வருவாயை விட்டுக்கொடுக்க விரும்பவில்லை. 2016இன் அரசியல் சட்டத் திருத்தம் பெட்ரோலையும் டீசலையும் சரக்கு சேவை வரிக்குள் கொண்டுவர இடம் தருகிறது. எந்தத் தேதியிலிருந்து என்பதை மன்றம் பரிந்துரைக்க வேண்டும். அந்தத் தேதி இன்னும் குறிக்கப்படவில்லை.