மூட்டு மாற்று அறுவை சிகிச்சை: மருத்துவமனையின் தரத்தை எதை வைத்து அளப்பது?

ஆத்தூரிலிருந்து திருச்செங்கோடு வரை, வயதில் மூத்தவர்கள் நாலு பேர் கூடினால் முழங்கால் வலிப் பேச்சு வராமல் இருக்காது. சஜ்தா செய்ய முடியாமல் நாற்காலியில் அமர்ந்து தொழுபவர்களைப் பள்ளிவாசல்களில் ஒவ்வொரு வக்திலும் பார்க்கிறோம். மாத்திரை, உடற்பயிற்சி எதற்கும் வலி அடங்காதபோது, "மூட்டை மாற்றிவிடலாம்" என்று மருத்துவர் சொல்கிறார். உடனே எழும் கேள்வி, எந்த மருத்துவமனை என்பதுதான்.

பெரும்பாலும் உறவினர் சொன்னது, கட்டடத்தின் பகட்டு, சாலையோர விளம்பரப் பலகை ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்கிறோம். அறுவை முடிந்து வீடு திரும்பியவர் மூன்று மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதை இவற்றில் எதுவும் சொல்லாது.

மூன்று அளவுகோல்கள்

பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவேதிஸ் டொனபீடியன், மருத்துவத் தரத்தை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம் என்று 1966இல் எழுதினார். முதலாவது கட்டமைப்பு: அறுவை அரங்கு, கருவிகள், பயிற்சி பெற்ற ஊழியர்கள். இரண்டாவது செயல்முறை: கிருமித் தொற்றைத் தடுக்கும் மருந்து உரிய நேரத்தில் கொடுக்கப்பட்டதா, சர்க்கரை அளவு கட்டுக்குள் வந்த பிறகுதான் அறுவை நடந்ததா என்பன. மூன்றாவது விளைவு: நோயாளி நலமாக நடக்கிறாரா? நோயாளிக்கு முக்கியம் இந்த மூன்றாவதுதான். அளக்கக் கடினமானதும் அதுவே.

எவை சிக்கல்கள்?

அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீட்டு அமைப்பு, முதல் முறையாகத் திட்டமிட்டுச் செய்யப்படும் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றுக்கு மருத்துவமனை வாரியாகச் சிக்கல் விகிதத்தை வெளியிடுகிறது. மாரடைப்பு, நிமோனியா, இரத்தத்தில் கிருமி பரவுதல் ஆகியவை 7 நாட்களுக்குள் வந்தால் கணக்கில் சேரும். அறுவை செய்த இடத்தில் இரத்தக்கசிவு, நுரையீரலில் இரத்தக்கட்டி, மரணம் ஆகியவற்றுக்கு 30 நாட்கள். பொருத்திய மூட்டில் தொற்று, மூட்டு தளர்தல் போன்றவற்றுக்கு 90 நாட்கள்.

இந்தக் கால அளவுகளைக் கவனியுங்கள். நோயாளி ஒரு சில நாட்களிலேயே வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். "எங்களிடம் எல்லோரும் நடந்தே வீட்டுக்குப் போனார்கள்" என்று மருத்துவமனை சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மூட்டுக்குள் புகுந்த தொற்று பல வாரங்கள் கழித்தும் தலைகாட்டும்.

எண்களும் ஏமாற்றும்

ஆண்டுக்கு 20 மூட்டு மாற்று செய்யும் மருத்துவமனையில் ஒருவருக்குத் தொற்று வந்தால் விகிதம் 5 சதவீதம். 500 செய்யும் இடத்தில் ஐந்து பேருக்கு வந்தால் 1 சதவீதம். முதல் மருத்துவமனை மோசமானது என்று இதை வைத்து மட்டும் சொல்லிவிட முடியாது. அது தற்செயலாகவும் இருக்கலாம். சர்க்கரை நோய், இதய நோய், உடல் பருமன் உள்ளவர்களை ஏற்காமல் திருப்பி அனுப்பும் மருத்துவமனையின் கணக்கு எப்போதும் அழகாகவே இருக்கும். அதனால்தான் நோயாளிகளின் வயதையும் மற்ற நோய்களையும் கணக்கில் கொண்டு விகிதத்தைச் சரிசெய்த பிறகே ஒப்பிட வேண்டும்.

பதிவேடு ஏன் தேவை?

ஸ்வீடன் 1975இலேயே முழங்கால் மூட்டு மாற்றுக்கு தேசியப் பதிவேடு தொடங்கியது. இதன் பயன் டிபூய் நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டு விவகாரத்தில் தெரிந்தது. அந்த மூட்டைப் பொருத்திக்கொண்டவர்களுக்கு மறு அறுவை வழக்கத்தைவிட அதிகமாகத் தேவைப்படுவதை ஆஸ்திரேலியப் பதிவேடு காட்டிக்கொடுத்தது. 2010 ஆகஸ்டில் உலகம் முழுவதும் அது திரும்பப் பெறப்பட்டது. இந்தியாவிலும் ஆயிரக்கணக்கானோருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் மத்திய அரசின் நிபுணர் குழு அறிக்கை 2018இல் வெளிவந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்பதே தெரியவில்லை.

நோயாளியின் மதிப்பெண்

1998இல் வெளியான ஆக்ஸ்போர்டு முழங்கால் மதிப்பெண் முறையில் 12 கேள்விகள். வலி, படியிறங்குதல், மண்டியிட்டு எழுதல் ஆகியவற்றை நோயாளியே மதிப்பிடுகிறார். முழு மதிப்பெண் 48. அறுவைக்கு முன்னும் ஆறு மாதம் கழித்தும் கேட்டால் முன்னேற்றம் தெரியும். தரையில் அமர்ந்து உண்ணும், தொழும் நம் மக்களுக்கு மண்டியிடும் கேள்வி மிக முக்கியம். மாற்று மூட்டில் பலருக்கு அது கடினமாகவே இருக்கும். இதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல்லில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று சிகிச்சையும் அடங்கும். முழங்கால் செயற்கை மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. தரச் சான்றுகளும் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் கட்டமைப்பையும் செயல்முறையையும் பார்ப்பவை. மருத்துவமனை வாரியாகத் தொற்று, மறு அறுவை விகிதங்களை மக்கள் பார்க்கும்படி வெளியிடும் ஏற்பாடு இங்கு இல்லை. ஆகவே நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்க வேண்டியவை

1. இந்த அறுவையை இந்த மருத்துவர் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறார்?
2. கடந்த ஆண்டில் எத்தனை பேருக்கு 90 நாட்களுக்குள் தொற்று வந்தது? எத்தனை பேருக்கு மறு அறுவை தேவைப்பட்டது?
3. வீடு திரும்பியவர்களை எத்தனை மாதம் தொடர்ந்து கவனிக்கிறீர்கள்?
4. பிசியோதெரபிக்கு என்ன ஏற்பாடு? எங்கள் ஊரிலிருந்து எத்தனை முறை வர வேண்டும்?
5. பொருத்தப்போகும் மூட்டின் நிறுவனம், மாடல் என்ன?

அறுவை முடிந்ததும் மூட்டின் நிறுவனப் பெயர், மாடல், பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரின் நகலையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் விதி.

கணக்கு வைத்திருக்கும் மருத்துவமனை இந்தக் கேள்விகளுக்குச் சங்கடப்படாது. "எங்களிடம் ஒருவருக்குக்கூடத் தொற்று வந்ததே இல்லை" என்ற பதில் வந்தால், எத்தனை பேரை எத்தனை நாள் பார்த்துவிட்டு அப்படிச் சொல்கிறீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.