கறுப்பு காரின் பளபளப்பு: பர்மா அரக்கு முதல் செராமிக் வரை



போன மாதம் எங்கள் சித்தப்பா வங்கிக் கடன் போட்டு ஒரு கறுப்பு கார் எடுத்தார். வீட்டில் பி.காம் படிப்பவன் நான் ஒருவன்தான் என்பதால், "எந்தப் பாலிஷ் வாங்கினா காசு வீணாகாதுன்னு பாத்துச் சொல்லுடா" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். தேடப் போனால் விலைப்பட்டியலைவிட அதன் வரலாறு சுவையாக இருந்தது. அந்த வரலாறு தெரிந்தால், எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடுகிறது.

காரைக்குடியிலிருந்தே தொடங்குவோம். முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் கறுப்பும் சிவப்புமாக மின்னும் பர்மா அரக்குப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். 1852-ல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன்பின் அங்கே நெல் சாகுபடிக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்த நகரத்தார், தேக்கு மரங்களோடு இப்படிப்பட்ட பொருட்களையும் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். இந்த அரக்கு பூச்சியிலிருந்து வருவதல்ல. 'திட்சி' என்ற மரத்தைக் கீறி எடுக்கும் பால். காற்றுப் பட்டால் கறுத்துவிடும். மூங்கில் பின்னலின் மேல் ஒரு பூச்சு, பிறகு ஈரமான நிலவறையில் காயவைத்தல், தேய்த்தல், மறுபடி ஒரு பூச்சு என்று மாதக்கணக்கில் வேலை நடக்கும். வேடிக்கை என்னவென்றால், இது வெயிலில் காய்வதில்லை, ஈரப்பதத்தில்தான் இறுகுகிறது!

ஆசியாவின் இந்தக் கறுப்பு மினுமினுப்பின் மேல் 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர்களுக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் அந்த மரங்கள் அங்கே கிடையாது. எனவே வார்னிஷ்களை வைத்துப் போலி செய்தார்கள். அவர்கள் கண்ட சிறந்த அரக்கு வேலைகள் ஜப்பானிலிருந்து வந்தவை என்பதால் இதற்கு 'ஜப்பானிங்' என்றே பெயர் வைத்தார்கள். பிற்பாடு நிலக்கீல் கலந்து, உலையில் சுட்டு இறுக்கும் 'ஜப்பான் பிளாக்' வந்தது.

ஃபோர்டு மாடல் டி காரில் பூசியது இந்த வகைக் கறுப்பைத்தான். 1908-ல் வந்த அந்தக் கார் முதலில் வேறு நிறங்களிலும் கிடைத்தது. 1914 முதல் 1925 வரை மட்டுமே கறுப்பு ஒன்றுதான். காரணம் அழகல்ல, கணக்கு! மலிவு, நீடித்து உழைக்கும், ஒரே நிறம் என்பதால் உற்பத்தியும் வேகமாக நடக்கும்.

1923-ல் டூபான்ட் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து 'டூகோ' பெயின்ட்டை அறிமுகப்படுத்தின. வெடிமருந்துக்குப் பயன்பட்ட நைட்ரோசெல்லுலோஸின் உறவுக்காரன் இது. வாரக்கணக்கில் ஆன பெயின்ட் வேலை மணிக்கணக்கில் முடிந்தது. ஆனால் வெயிலில் மங்கிவிடும். அதனால் மேல்தோலைத் தேய்த்து எடுத்து, மெழுகு போட்டு மினுக்குவது கார்காரர்களின் வழக்கமானது. பிரேசில் பனை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் கார்னூபா மெழுகு இப்படித்தான் கார் உலகில் புகழ்பெற்றது.

"நல்லாத் தேய்ச்சாத்தான் பளபளக்கும்" என்று பழைய டிரைவர்கள் சொல்வது இந்தக் காலத்துப் பாடம். அன்று அது சரி. மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், தேய்த்தால் உள்ளே புது நிறம் வரும்.

1980களில் கதை மாறியது. நிறத்தின் மேல் நிறமே இல்லாத 'கிளியர் கோட்' பூசும் முறை பரவியது. இன்றைய காரில் முதலில் உடலையே தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சித் துரு தடுக்கும் பூச்சைப் படியவைக்கிறார்கள். மின்வேதியியல் நம் ஊருக்குப் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரி நிறுவனம் துருவையும் அரிமானத்தையும் ஆராய்வதில் பெயர் பெற்றது. அந்த முதல் பூச்சுக்கு மேல் பிரைமர், அதன் மேல் நிறம், கடைசியில் கிளியர் கோட். அதன் கனம் சுமார் 40 மைக்ரான், அதாவது தலைமுடியைவிட மெல்லியது. பளபளப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

நகரத்தார் ஊரில் இதைச் சொல்வது சுலபம். கிளியர் கோட்தான் முதல். ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்க்கும் ஒவ்வொரு முறையும் முதலில் கை வைக்கிறோம். மெழுகு வட்டி மாதிரி, போனால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். முதலைத் தின்றால் ரீபெயின்ட்தான் வழி, கார் கடன் முடிவதற்குள் இன்னொரு செலவு.

கறுப்பில் மட்டும் ஏன் இவ்வளவு கவலை? கறுப்பு, மேலே விழும் ஒளியை விழுங்கிவிடும். மெல்லிய கீறல்கள் சிதறடிக்கும் ஒளி மட்டும் வெள்ளையாகத் தெரியும். வெள்ளைக் காரிலும் அதே கீறல்கள் உண்டு, கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். கூடவே கறுப்பு அதிகம் சூடாகும். அதனால் பறவை எச்சமும் உப்புத் தண்ணீரும் சீக்கிரம் தடம் பதிக்கும்.

சித்தப்பாவுக்கு நான் கொடுத்த பட்டியல் இதுதான்:

1. கார் ஷாம்பு. பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும்.
2. இரண்டு வாளி. ஒன்றில் ஷாம்பு, மற்றொன்று துணியை அலச. நம்ம ஊர் செம்மண் தூசியைத் தண்ணீர் விட்டு இறக்காமல் துடைத்தால் உப்புத்தாள் தேய்த்த மாதிரிதான்.
3. நல்ல மைக்ரோஃபைபர் துணிகள். பழைய பனியன் துணி வேண்டாம். நிழலில் கழுவி உடனே துடைக்க வேண்டும்.
4. கார்னூபா மெழுகு அல்லது சீலன்ட். சில மாதங்களுக்கு ஒருமுறை போதும்.
5. செராமிக் கோட்டிங் விருப்பம்தான். சிலிக்கா சார்ந்த அது தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது. ஆனால் கல்லடியைத் தடுக்காது, கழுவும் வேலையும் மிச்சமாகாது.

ரப்பிங் காம்பவுண்ட் பட்டியலில் இல்லை. புதுக் காருக்கு அது தேவையே இல்லை.

பர்மாக்காரர் மாதக்கணக்கில் பூச்சை ஏற்றிய பொறுமையில் கொஞ்சம், கழுவித் துடைக்கும்போது நமக்கு இருந்தால் போதும். பாலிஷ் டப்பா செய்வதைவிட அது அதிகம் செய்யும்.