சாவடியில் ஒரு ஸ்டேஷன்: மெட்ரோ லைனில் எங்கே குடியேறுவது?

இந்த வாரம் எடுத்துக்கிட்டது, எனக்கு அதிகமா வர்ற ஒரு கேள்வி. "ப்ரோ, உங்க ஏரியாவுக்கு மெட்ரோ வருதே, இப்பவே அங்க வீடு பார்க்கலாமா? எந்த ஸ்டேஷன் பக்கம் பார்க்கலாம்?" நான் குமணன்சாவடியில வாடகைக்கு இருக்கேன். வேலை சாஃப்ட்வேர். ரியல் எஸ்டேட் எனக்குத் தெரியாது. ஆனா இந்தக் கேள்விக்கு ஒரு நீளமான வரலாறு இருக்கு, அதுல இருந்து ஒரு பதில் கிடைக்குது. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன்.

முதல்ல லைன் எதுன்னு சொல்லிடுறேன். சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டத்துல மூணு வழித்தடம், மொத்தம் 118.9 கி.மீ. அதுல நாலாவது வழித்தடம் கலங்கரை விளக்கத்துல ஆரம்பிச்சு பூந்தமல்லி பைபாஸ் வரைக்கும் 26.1 கி.மீ. மயிலாப்பூர், பனகல் பார்க் பக்கமெல்லாம் பூமிக்கு அடியில ஓடி, கோடம்பாக்கத்துக்கு அப்புறம் மேல ஏறி, வடபழனி, வளசரவாக்கம், போரூர் வழியா எங்க ஊருக்கு வருது. இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்றது 2025ல. மார்ச் மாசம் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் நடுவுல முதல் சோதனை ஓட்டம் நடந்துச்சு. மூணு பெட்டி, டிரைவர் தேவைப்படாத ரயில்.

இந்த லைன்ல கரையான்சாவடி, குமணன்சாவடின்னு ரெண்டு ஸ்டேஷன் அடுத்தடுத்து வருது. சாவடின்னா வழிப்போக்கர் இளைப்பாறித் தங்குற இடம். பரங்கிமலையையும் பூந்தமல்லியையும் இணைக்கிற மவுண்ட் - பூந்தமல்லி சாலை நம்ம வாசல்லதான் போகுது. வெள்ளைக்காரன் காலத்துல ரெண்டு முனையிலயும் ராணுவ முகாம் இருந்துச்சு. இந்தப் பக்கம் பெங்களூரு போற பெருவழி, அந்தப் பக்கம் மாங்காட்டுக்குப் பிரியுற ரோடு. போக்குவரத்துக்குப் பஞ்சமே இல்லாத இடம். ஆனா ரயில் மட்டும் வரல.

ஏன்னு பார்த்தா 1856க்குப் போகணும். அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் ராயபுரத்துல கிளம்பி வாலாஜா ரோடு வரைக்கும் போச்சு. அந்தத் தண்டவாளம் பூந்தமல்லியைத் தொடல. வடக்கே பெரம்பூர், ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம்னு போயிடுச்சு. அடுத்த நூறு வருஷத்துல அந்த லைன் ஓரமா என்னென்ன வந்துச்சுன்னு பாருங்க. 1955ல பெரம்பூர் பக்கம் ஐசிஎஃப், 1960கள்ல அம்பத்தூர் எஸ்டேட், ஆவடி டாங்கி ஃபேக்டரி. எல்லாத்துக்கும் ரயில் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா வேலைக்குப் போறவங்க ரயிலேறிப் போய் வர முடிஞ்சதால, அந்த ஓரத்துல குடியிருப்பு வளர்ந்துச்சு. பூந்தமல்லி பக்கம் பஸ்ஸை நம்பியே இருந்துச்சு.

இங்க ஒரு தியரி சொல்லணும். யாக்கோவ் ஸஹாவின்னு ஒரு போக்குவரத்து ஆய்வாளர் 1970கள்ல ஒரு விஷயத்தைக் கவனிச்சார். வேற வேற ஊர்ல, வேற வேற வண்டியில போனாலும், மனுஷங்க ஒரு நாளைக்குப் பயணத்துக்குச் செலவு பண்ற சராசரி நேரம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்தான். 1994ல இத்தாலி இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி இதை நகரங்களோட வரலாற்றுக்கே நீட்டிப் பார்த்தார். நடந்து போற காலத்துல ஊரோட அகலம் சில கிலோமீட்டர்தான். டிராம் வந்ததும் ஊர் விரிஞ்சுது, ரயில் வந்ததும் இன்னும் விரிஞ்சுது. வேகம் கூடினப்போ ஜனங்க சீக்கிரம் வீட்டுக்குப் போய் சும்மா உட்காரல. மிச்சமான நேரத்தை வச்சு இன்னும் தள்ளிக் குடிபோனாங்க. இது சராசரிக் கணக்கு. தினமும் மூணு மணி நேரம் பஸ்ல போறவங்களும் நம்ம ஊர்ல நிறைய பேர் இருக்காங்கன்னு எனக்கும் தெரியும்.

இதை அப்படியே சென்னைக்குக் கொண்டு வாங்க. 1895ல மெட்ராஸ்ல மின்சார டிராம் ஓட ஆரம்பிச்சுது. 1931ல கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் வந்துச்சு. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1920கள்ல, மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்துல ஒரு பெரிய ஏரியைத் தூர்த்து புதுசா ஒரு நகர் போட்டாங்க. அதுதான் தியாகராய நகர். அப்போ முதல்வரா இருந்த பனகல் அரசர் பேர்லதான் நடுவுல இருக்கிற பார்க். இன்னைக்கு தி.நகர்னா நகைக்கடை, துணிக்கடை. அன்னைக்கு அது ஆபீசுக்கு ரயில்ல போய் வர்றவங்களுக்கு வசதியான புறநகர். நூறு வருஷம் முன்னாடி ஒரு இளைஞர் "மாம்பலத்துல மனை வாங்கலாமா, ரொம்பத் தள்ளி இருக்கே"ன்னு யோசிச்சிருப்பார். நீங்க இன்னைக்குக் காட்டுப்பாக்கத்தைப் பத்தி யோசிக்கிறதும் அதேதான்.

சரி, லைன் வந்தா நிலத்தோட விலை ஏறும். அந்த ஏத்தம் யார் பாக்கெட்டுக்குப் போகுது?

லண்டன்ல மெட்ரோபாலிட்டன் ரயில்வேன்னு ஒரு கம்பெனி. 1863ல உலகத்தோட முதல் சுரங்க ரயிலை ஓட்டினவங்க. மத்த ரயில் கம்பெனிங்க லைன் போட்டது போக மிச்சமான நிலத்தை வித்துடணும்னு சட்டம் சொல்லுச்சு. இவங்க மட்டும் அதை வச்சுக்கிற உரிமையை வாங்கிட்டாங்க. 1915ல லைன் ஓரப் புறநகருக்கு 'மெட்ரோலேண்ட்'னு பேர் வச்சு வருஷா வருஷம் புக்லெட் போட்டாங்க. 1919ல வீடு கட்டி விக்கிறதுக்குத் தனி கம்பெனியே தொடங்கினாங்க. ஜப்பான்ல கோபயாஷி இச்சிசோன்னு ஒருத்தர், 1910ல ஒசாகாவுல இருந்து ஆள் நடமாட்டமே இல்லாத பக்கமா ஒரு ரயில் விட்டார். பயணி எங்கன்னு கேட்டா, அவரே ஸ்டேஷன் பக்கத்துல வீடு கட்டி, மாதத் தவணையில வித்து, பயணியை உருவாக்கிக்கிட்டார். லைனோட கடைசியில 1914ல நாடகம், முதல் ஸ்டேஷன்ல 1929ல டிபார்ட்மென்ட் ஸ்டோர். இன்னைக்கு ஹாங்காங் மெட்ரோ ஸ்டேஷனுக்கு மேலயே அடுக்குமாடி கட்டிச் சம்பாதிக்கிறதும் இந்த வழியிலதான். ரயில் ஓட்டுறவங்க கையிலயே நிலமும் இருந்தா, ஏறின விலையில ஒரு பங்கு ரயிலுக்கே திரும்பி வரும்.

நம்ம ஊர்ல அப்படி இல்ல. லைன் போடுறது அரசாங்கம், அதாவது நம்ம வரியும் வெளிநாட்டுக் கடனும். லைன் ஓர நிலம் தனியார் கையில. அதனால ஏறுற விலையில பெரும்பங்கு ஏற்கெனவே நிலம் வச்சிருக்கிறவங்களுக்குப் போகுது. வாடகைக்கு இருக்கிறவன் மெட்ரோவுக்கு ரெண்டு தடவை காசு கட்டுறான்: டிக்கெட்டுல ஒண்ணு, வாடகையில ஒண்ணு. எங்க பக்கத்துல தூண் எழும்பினப்பவே வீட்டு ஓனர்கள் வாயில "மெட்ரோ வருதுல்ல தம்பி" வந்துடுச்சு. ரயில் வர்றதுக்கு முன்னாடியே வாடகை வந்துடும்.

இங்கதான் நம்ம சிட்டியோட இன்னொரு பாடம் முக்கியம். பறக்கும் ரயில். 1995ல கடற்கரையில இருந்து சேப்பாக்கம் வரைக்கும், 1997ல மயிலாப்பூர் வரைக்கும், 2007ல வேளச்சேரி வரைக்கும் வந்துச்சு. மிச்சம் வேளச்சேரி - பரங்கிமலை, வெறும் 5 கி.மீ. நிலம் எடுக்கிற வழக்குல சிக்கி, பதினஞ்சு வருஷத்துக்கு மேல இழுத்து, இந்த ரெக்கார்டிங் அப்போ வரைக்கும் பயணிகளுக்குத் திறக்கல. "அடுத்த வருஷம் ரயில்"னு நம்பி ஆதம்பாக்கம் பக்கம் அதிக விலை கொடுத்தவங்க, அந்த அடுத்த வருஷத்துக்கு வட்டி கட்டிக்கிட்டே இருந்திருப்பாங்க. வந்த லைன் நிரந்தரம்னும் நினைக்காதீங்க. டிராமை 1953ல நிறுத்திட்டாங்க.

ஆக, வரலாறு சொல்ற பதில் இது: லைன் உங்களுக்கு விக்கிறது நேரம். அந்த நேரம் உங்களுக்கு உண்மையிலேயே கிடைக்குதா, எவ்வளவு விலைக்குக் கிடைக்குதுன்னு பார்த்துட்டு ஸ்டேஷனைத் தேர்ந்தெடுங்க. மேப்ல புள்ளி பக்கத்துல இருக்குன்னு மட்டும் பார்த்து முடிவெடுக்காதீங்க.

கணக்கு எப்படிப் போடுறது? வீட்டு வாசல்ல இருந்து ஆபீஸ் சீட் வரைக்கும் போடணும். நின்னு போற நேரத்தையும் சேர்த்து ரயிலுக்கு மணிக்கு 32 கி.மீ. சராசரி வைங்க. 26 கி.மீ. முழுசுக்கும் 50 நிமிஷம் ஆகாது. ஆனா ஒரு கிலோமீட்டர் நடக்க 12 நிமிஷம். வீடு மாங்காடு ரோட்டுல ரெண்டு கி.மீ. உள்ள தள்ளி இருந்தா, ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிற நேரம் ரயில்ல மிச்சம் பிடிச்சதைச் சாப்பிட்டுடும். கடைசி ஸ்டேஷனுக்கு நடந்து போற தூரத்துல கிடைக்கிற வீடு, நடு ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு கி.மீ. தள்ளிக் கிடைக்கிற வீட்டை விட ஆபீசுக்குப் பக்கமா இருக்கலாம்.

அடுத்தது, எங்க மாறுறீங்க? ஆலப்பாக்கத்துல இருந்து ஆழ்வார்திருநகர் வரைக்கும் நாலாவது, அஞ்சாவது வழித்தடம் ரெண்டும் ஒரே தூண்ல ரெட்டை அடுக்கா போகுது. அஞ்சாவது தடம் சோழிங்கநல்லூர் வரைக்கும் போற திட்டம். அது திறந்தாதான் எங்க ஏரியா ஓஎம்ஆர்காரங்களுக்கு இந்த லைன் பெருசா உதவும். வேலை தி.நகர், நந்தனம் பக்கம்னா நேரா இதே ரயில். வேலை மாறிக்கிட்டே இருக்கிற வயசுல, ஒரு ஆபீசுக்காக இடம் பார்க்கிறதை விட, ரெண்டு மூணு பக்கம் போக முடியுற இடம் நல்லது.

மூணாவது, காசு. ஸ்டேஷன் பக்கம் வர்றதால வாடகை மாசம் 3,000 ரூபாய் கூடுதுன்னு வைங்க. ஒரு நாளைக்கு 40 நிமிஷம் மிச்சம், மாசம் 22 நாள் வேலை. கிட்டத்தட்ட 15 மணி நேரம். அப்போ ஒரு மணி நேரத்தை 200 ரூபாய்க்கு வாங்குறீங்க. உங்களுக்கு அது மலிவா இருக்கலாம். ஆனா வீட்டுல அம்மாவோ தங்கச்சியோ 2021ல இருந்து சாதாரண டவுன் பஸ்ல இலவசமாப் போறாங்கன்னா, மெட்ரோ டிக்கெட் அவங்களுக்குப் புதுச் செலவு. மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

நாலாவது, தண்ணி. தி.நகர் ஏரியைத் தூர்த்து வந்ததுன்னு சொன்னேன்ல? நம்ம மேற்குப் பக்கமும் ஏரி நாடுதான். செம்பரம்பாக்கம், போரூர், நடுவுல எத்தனையோ சின்ன ஏரிகள், கால்வாய்கள். 2015 டிசம்பர்ல மணப்பாக்கம், முகலிவாக்கம் என்ன ஆச்சுன்னு இங்க வேலை பார்த்தவங்களுக்குத் தெரியும். தூண் மேல போற ரயில் நனையாது. தரைத்தள வீடு நனையும். புரோக்கரைக் கேட்காதீங்க. தெருமுனை டீக்கடை அண்ணனைக் கேளுங்க, தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு சுவத்துலயே கை வச்சுக் காட்டுவார்.

என் முடிவு என்னன்னு கேட்பீங்க. நான் இப்போதைக்கு வாங்கல. ஸ்டேஷனுக்குப் பத்து நிமிஷ நடை தூரத்துல வாடகையிலயே இருக்கேன். ரயில் ஓடி, அஞ்சாவது தடமும் சேர்ந்து, ஒரு வருஷம் நானே போய் வந்து பார்த்துட்டுத்தான் கடன் வாங்குறதைப் பத்தி யோசிப்பேன். அதுக்குள்ள விலை ஏறிடுமேன்னு நண்பர்கள் சொல்றாங்க. ஏறலாம். ஆனா ஓடுற ரயிலுக்கு அதிகம் கொடுக்கிறதுல எனக்கு வருத்தமில்ல. இருபது வருஷ இஎம்ஐயை இன்னும் ஓடாத ரயிலை நம்பிக் கட்ட எனக்குத் தைரியம் இல்ல.

உங்க ஏரியாவுல எந்த லைன் வருது, வாடகை எவ்வளவு ஏறிச்சு, வாசல்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் எத்தனை நிமிஷம்? வாய்ஸ் நோட் அனுப்புங்க, அடுத்த எபிசோடுல சேர்த்துப் பேசலாம்.