வழியில் நிற்காத வண்டி

கருங்கல் சந்திப்பிலிருந்து மார்த்தாண்டத்துக்கோ திங்கள்நகருக்கோ போகும் சாலையில் ஏதாவதொரு மோட்டார் பட்டறையின் முன் சற்று நேரம் நின்று பாருங்கள். பழைய கார் வாங்க விரும்பும் ஒருவர் வந்து மெக்கானிக்கிடம் யோசனை கேட்பார். "ஜப்பான் வண்டியா சாரே, தைரியமா எடுக்கலாம். வழியில நிக்காது" என்று பதில் வரும். அமெரிக்க வண்டியானால், "கனமுள்ள வண்டிதான், ஆனா..." என்று பேச்சு இழுபடும்.

கருங்கல் திருவாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த 1940களில் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் பதில் நேர்மாறாக இருந்திருக்கும். அன்று மோட்டார் என்றாலே அமெரிக்காதான். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1928-ஆம் ஆண்டிலேயே பம்பாயில் செவர்லே வண்டிகளைப் பூட்டி விற்கத் தொடங்கிவிட்டது. ஃபோர்டும் இந்தியாவில் வண்டி பூட்டியது. பின்னர் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளும் வந்தன. 'ஜப்பான் சாமான்' என்ற சொல்லுக்கோ அப்போது வேறு பொருள்: திருவிழாக் கடையில் வாங்கிய பொம்மை வீடு வந்து சேர்வதற்குள் உடைந்துபோனால், அது ஜப்பான் சாமான்!

இந்தக் கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை. 1957-ஆம் ஆண்டு டொயோட்டா நிறுவனம் தன் 'கிரவுன்' காரை அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஜப்பானின் மேடுபள்ளச் சாலைகளுக்கென்று செய்யப்பட்ட அந்த வண்டி, அமெரிக்க நெடுஞ்சாலைகளின் வேகத்தைத் தாங்கவில்லை. எஞ்சின் கொதித்தது, வண்டி அதிர்ந்தது. 1960-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் ஏற்றுமதியையே நிறுத்திவைக்க நேர்ந்தது. ஆகவே, 'ஜப்பான்காரர்களுக்கு இயல்பாகவே தொழில் சுத்தம் உண்டு' என்று யாராவது சொன்னால், இந்தக் 'கிரவுன்' காரை அவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

பிறகு என்னதான் நடந்தது? அதை அறிய முதலில் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு காரில் 1000 உறுப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். (உண்மையில் இதைவிடப் பல மடங்கு அதிகம்.) ஒவ்வோர் உறுப்பும் ஓராண்டுக்குள் பழுதாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றுதான். கேட்பதற்கு நன்றாகவே இருக்கிறது, அல்லவா? ஆனால் 0.999 என்ற எண்ணை 1000 முறை பெருக்கிப் பாருங்கள். ஏறத்தாழ 0.37 வரும். அதாவது 100 கார்களில் 37 மட்டுமே பழுதின்றி ஆண்டைக் கடக்கும். மற்ற 63 பட்டறைக்குப் போகும். உறுப்பு பழுதாகும் வாய்ப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டால் 90 கார்கள் தப்பிக்கும். வண்டியின் நம்பகம் என்பது கனத்த இரும்பில் இல்லை. ஆயிரம் சிறிய உறுப்புகளில் ஒவ்வொன்றும் தவறாமல் சரியாக அமைவதில் இருக்கிறது.

அப்படி அமைப்பதற்கு வழி சொன்னவரும் ஓர் அமெரிக்கரே. பெல் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய வால்ட்டர் ஷூஹார்ட், 1924-ஆம் ஆண்டில் 'கட்டுப்பாட்டு வரைபடம்' என்ற எளிய கருவியை வகுத்தார். செய்து முடித்த பொருளைச் சோதித்துக் கழிப்பதற்குப் பதில், செய்யும் முறையையே அளந்துகொண்டு வரவேண்டும்; அளவுகள் வழக்கமான ஏற்ற இறக்கத்தை மீறிய உடனே காரணத்தைத் தேடவேண்டும். இதுவே அவர் கருத்து.

இங்கேதான் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். இந்த ஷூஹார்ட், பேராசிரியர் மகலனோபிஸ் முயற்சியால் 1947-48-இல் இந்தியாவுக்கே வந்தார். இந்தியப் புள்ளியியல் கழகம் இக்கலையை நம் ஆலைகளுக்குக் கற்பிக்க முன்வந்தது. அவர் வழியில் வந்த டாக்டர் எட்வர்ட்ஸ் டெமிங், ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தம் புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தியது 1950-ஆம் ஆண்டில்தான். ஆக, பாடம் நமக்கே முதலில் கிடைத்தது! ஆனால் நம் நாட்டில் அந்நாளில் கார் வேண்டுமென்றால் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அம்பாசிடரில் ஹாரனைத் தவிர மற்றதெல்லாம் ஒலி எழுப்பும் என்று மக்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். வாங்குபவருக்கு வேறு வழியில்லாதபோது வரைபடம் போடுவதற்கு யாருக்கு அவசரம்? அமெரிக்க நிறுவனங்களின் நிலையும் இதற்குத் தூரமில்லை. போருக்குப்பின் செய்ததெல்லாம் விற்றது. ஜப்பானுக்கு அந்த வசதி இல்லை. ஏற்றுமதி செய்தால்தான் சோறு.

இந்த வேறுபாடு எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. 1980களின் தொடக்கத்தில் ஃபோர்டு தன் கார் ஒன்றுக்கான கியர்ப் பெட்டிகளில் ஒரு பகுதியை அமெரிக்காவிலும், மற்றொரு பகுதியை ஜப்பானின் மஸ்தா ஆலையிலும் செய்வித்தது. வரைபடம் ஒன்றே, அளவுகள் ஒன்றே. ஆயினும் மஸ்தா பெட்டிகளின் மீது குறைகூறல் வெகுவாகக் குறைந்திருந்தது. இரண்டையும் பிரித்து அளந்தார்கள். அமெரிக்க உறுப்புகள் அனைத்தும் அனுமதித்த அளவுக்குள்ளேயே இருந்தன. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானிய உறுப்புகளோ ஒன்றுக்கொன்று ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தன. அளந்தவர், தம் கருவிதான் கெட்டுவிட்டதோ என்று ஐயுற்றாராம்!

அனுமதித்த அளவுக்குள் இருந்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தண்டு 20 மில்லிமீட்டர் இருக்கவேண்டும், 0.02 கூடலாம் அல்லது குறையலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பொருந்தும் துளைக்கும் அதே அளவு விலக்கு உண்டு. கீழ் எல்லையில் உள்ள தண்டும் மேல் எல்லையில் உள்ள துளையும் ஒன்றாகச் சேர்ந்தால், இரண்டும் சோதனையில் தேறியவைதாம். ஆனால் வண்டி ஆடும், தேயும். தேர்வில் எல்லோரும் தேறிவிட்டார்கள் என்பது வேறு, எல்லோரும் ஒரே மதிப்பெண் வாங்கினார்கள் என்பது வேறு.

வரைபடம் ஒரு பாதி. மறு பாதி தறியிலிருந்து வந்தது. வடசேரி நெசவாளர் எவரையும் கேளுங்கள்: ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் தொடர்ந்து நெய்தால் துணி முழுதும் பாழ். டொயோட்டா குடும்பத்தின் முன்னோரான சக்கிச்சி டொயோடா, இழை அறுந்தவுடன் தானே நின்றுவிடும் தறியை 1924-இல் முழுமையாக்கினார். கார் ஆலையிலும் இதே முறை புகுந்தது. குறையைக் காணும் எந்தத் தொழிலாளியும் தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேலாளர் ஓடிவருவார், சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும்.

இதெல்லாம் ஜப்பானியரால்தான் முடியும் என்ற பேச்சை உடைத்தது கலிபோர்னியாவிலுள்ள ஃபிரீமாண்ட் ஆலை. ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளிலேயே மிக மோசமானது என்று பெயரெடுத்து, 1982-இல் மூடப்பட்டது அது. வேலைக்கு வராமை, சச்சரவு, அரைகுறை வேலை எல்லாம் அங்கே உண்டு. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதை மீண்டும் திறந்தன. எடுத்துக்கொண்ட தொழிலாளரில் பெரும்பாலோர் பழைய ஆட்களே, தொழிற்சங்கமும் பழையதே. மாறியது முறை மட்டும்தான். கையில் கயிறு கொடுக்கப்பட்டது. விரைவிலேயே அங்கிருந்து வெளிவந்த கார்கள், ஜப்பானில் செய்தவற்றோடு ஒப்பிடத்தக்க தரத்தை எட்டின.

கார் சொந்தக்காரர்கள் செய்ததுதான் வேடிக்கை. அதே ஆலையின் வரிசையிலிருந்து ஏறக்குறைய ஒரே கார் இரண்டு பெயர்களில் வெளிவந்தது: டொயோட்டா கொரோல்லா ஒன்று, அமெரிக்கப் பெயர் தாங்கிய பிரிஸ்ம் மற்றொன்று. பழைய கார் சந்தையில் கொரோல்லாவுக்கே விலை கூடுதல்! நம் பட்டறைக்காரரின் 'ஆனா' கலிபோர்னியாவிலும் ஒலித்தது போலும். பெயரை நம்புவோருக்கு ஒன்று சொல்லவேண்டும்: 2009-10-இல் முடுக்கி மிதிக் கோளாறு முதலியவற்றுக்காக டொயோட்டாவே பல லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்க நேர்ந்தது.

நம் நாட்டில் இந்தக் காற்று 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதியோடு வீசியது. சுசுகியின் துணையோடு வந்த அந்தச் சின்னக் காரைத் 'தகர டப்பா' என்று ஏளனம் செய்தவர் உண்டு. காலையில் முதல் திருப்பிலேயே அது கிளம்பியபோது ஏளனம் குறைந்தது. ஆனால் சுசுகி காரை மட்டும் கொண்டுவந்தால் போதுமா? அதற்குள் இருக்கும் உறுப்புகளை யார் செய்வது? இந்தியப் பட்டறைகளும் ஆலைகளும் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது.

அவற்றுள் ஒன்று சென்னையை அடுத்த பாடியில் இருந்தது. லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் காற்று பிரேக் செய்த சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு அது. டெமிங் தம் சொற்பொழிவு நூலின் வருவாயை ஜப்பானியருக்கே விட்டுக்கொடுக்க, அவர்கள் அவர் பெயரால் 1951 முதல் ஒரு பரிசு வழங்கி வருகிறார்கள். 1998-இல் அதை வென்ற முதல் இந்திய நிறுவனம் இதுவே. 2002-இல் ஓசூரின் டி.வி.எஸ். மோட்டாரும் வென்றது. பாடியில் கயிற்றை இழுத்தவர்கள் ஜப்பானிலிருந்து வந்தவர்கள் அல்லர். அம்பத்தூரிலும் வில்லிவாக்கத்திலும் குடியிருந்து, காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் பேருந்து ஏறியவர்கள்.